அண்ணாந்து பார்த்தால் டக்ட்

மதுரையில் புதிதாகக் கடை போடுகிறவர்களுக்கு ஃபால்ஸ் சீலிங் கசந்துவிட்டது. பைபாஸ் ரோட்டிலோ கே.கே. நகரிலோ அண்மையில் திறந்த ஏதாவது ஒரு காபிக் கடைக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். காங்கிரீட் தளம் அப்படியே தெரியும். அதற்குக் கீழே ஒயர்க் குழாய்கள், தண்ணீர்க் குழாய்கள், அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு நடுவில் ஏ.சி. காற்று போகும் பெரிய தகரக் குழாய். எங்கள் தொழிலில் அதற்கு டக்ட் என்று பெயர். இத்தனை காலம் ஜிப்சம் பலகைக்கு மேலே இருட்டில் கிடந்தது. இப்போது அதுதான் அலங்காரம்.

அண்ணாந்து பார்ப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. மீனாட்சியம்மன் கோயில் மண்டப விதானங்களில் தாமரை தீட்டியவர்கள், கீழே போகிறவன் கழுத்தை வளைத்துப் பார்ப்பான் என்று தெரிந்தேதான் தீட்டினார்கள். டக்ட் செய்கிறவருக்கு அப்படி யாரும் சொல்லி வைக்கவில்லை. யாரும் பார்க்கப் போவதில்லை என்ற நிம்மதியில்தான் அவர் தகரத்தை மடிக்கிறார், மூட்டுகிறார், இடுக்குகளில் சிலிக்கானைப் பிதுக்கித் தள்ளுகிறார். அதைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் தொங்கவிட்டு, கருப்பு அடித்துவிட்டால் அழகாகிவிடும் என்று நினைப்பதில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது.

நான் டக்ட் செய்து மாட்டும் தொழிலில் இருக்கிறேன். பெயின்ட் அடிப்பது என் வேலை இல்லை. ஆனால் பெயின்ட் உரிந்தால் போன் எனக்குத்தான் வருகிறது. அதனால் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

கடை முதலாளிகள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: "சீலிங் வேண்டாம் சார், டக்டுக்குக் கருப்பு அடித்துவிடுங்கள், காசு மிச்சம்." மிச்சம் ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகம் மாறும். இருந்தாலும் சொல்லிவிடுவது நல்லது.

டக்ட் தகரம் வெறும் இரும்பு இல்லை. இரும்புத் தகட்டின் இரண்டு பக்கமும் துத்தநாகம் ஏற்றியது. ஜிஐ ஷீட் என்று கடையில் கேட்டு வாங்குவது இதைத்தான். வழக்கமாகப் பயன்படும் 120 கிராம் தரத்தில், ஒரு சதுர மீட்டர் தகட்டுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 120 கிராம் துத்தநாகம் இருக்கும். தடிமனாகக் கணக்கிட்டால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 8 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மி.மீ.). அந்த மெல்லிய படலம்தான் இரும்பைத் துருவிடமிருந்து காக்கிறது. பெயின்டைப் பிடிக்கவிடாமல் செய்வதும் அதுவேதான்.

புதுத் தகடு ஆலையிலிருந்து வரும்போது அதன் மேல் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், அல்லது ஈரம் பட்டுத் துத்தநாகத்தில் வரும் வெள்ளைத் துரு பிடிக்காமலிருக்க ரசாயனப் பூச்சு இருக்கும், சில நேரம் இரண்டுமே இருக்கும். பட்டறையில் மடிக்கும்போது இயந்திர எண்ணெயும் கைரேகையும் சேர்ந்துகொள்ளும். அதன் மேல் நேராகப் பெயின்ட் அடிப்பது எண்ணெய் வழியும் முகத்தில் பவுடர் பூசுவதுதான். அன்றைக்குப் பார்க்க நன்றாகவே இருக்கும்.

எண்ணெய் மட்டும்தான் காரணம் என்றால் துடைத்துவிட்டுப் போகலாம். எனாமலின் கதை வேறு. நம் ஊர்ப் பெயின்ட் கடைகளில் இரும்புக்கு என்று கேட்டால் கொடுக்கும் சாதாரண எனாமல், எண்ணெய்யும் ரெசின் என்ற பிசினும் சேர்த்துச் செய்தது. கதவு, ஜன்னல் கம்பி, கேட் எல்லாவற்றுக்கும் அதுதான் அடிக்கிறோம், ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. துத்தநாகத்தின் மேல் அது நிற்காது. துத்தநாகப் பரப்பில் காற்றும் ஈரமும் பட்டு உண்டாகும் காரத்தன்மையுள்ள பொருள்கள், பெயின்டிலுள்ள எண்ணெயின் கொழுப்பு அமிலத்தோடு வினைபுரிகின்றன. காரமும் கொழுப்பும் சேர்ந்தால் என்ன வரும்? சோப்பு. தகட்டுக்கும் பெயின்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் சோப்புப் படலம் ஒன்று உருவாகிறது. இது ஒரே நாளில் நடப்பதில்லை. திறப்பு விழா முடிந்து, பெயின்டர் பணம் வாங்கிக்கொண்டு போய், எல்லோரும் மறந்த பிறகு ஒரு மழைக்காலத்தில் மேலே இருந்து செதில் செதிலாக விழும்.

தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் அப்படித்தான் விழுந்தது. டக்டை மாட்டியது நாங்கள், பெயின்ட் அடித்தது கடைக்காரரே அழைத்து வந்த ஆட்கள். விழுந்தது எங்கே தெரியுமா? வேட்டிக் கட்டுகளின் மேல். வெள்ளை வேட்டி மடிப்புக்குள் கரித்துண்டு மாதிரிக் கருப்புச் செதில். விற்பனையாளர் ஒவ்வொரு வேட்டியையும் வாடிக்கையாளரிடம் பிரிப்பதற்கு முன் உதறிக்கொண்டிருந்தார். நான் ஏணியில் ஏறி நகத்தால் கீறினேன். உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் ஒரே ஏடாக வந்தது. அடியில் தகடு புத்தம் புதிதாகப் பளபளத்தது. அந்தப் பளபளப்புதான் சாட்சி. உப்புத்தாள் அதன் மேல் பட்டதே இல்லை.

உரிந்த ஏட்டின் பின்பக்கம் செங்காவி நிறம். ரெட் ஆக்சைடு பிரைமர். இதுவும் பழக்க தோஷம். இரும்பு என்றால் ரெட் ஆக்சைடு என்று கை தானாகப் போகிறது. கறுப்பு இரும்புக்கு, அதாவது துத்தநாகம் ஏற்றாத ஆங்கிள், சேனல், கிரில் போன்றவற்றுக்கு அது சரிதான். டக்டைத் தொங்கவிடும் ஆங்கிள் கம்பிகளுக்கும் அடிக்கலாம். தகட்டுக்கு அடித்தால், எனாமலுக்கு நேர்வதுதான் அதற்கும் நேரும். நம் கடைகளில் கிடைக்கும் ரெட் ஆக்சைடில் பெரும்பாலானவை அதே எண்ணெய்க் குடும்பம்தான்.

இப்போது எங்களோடு சேர்ந்து வேலை செய்யும் மூத்த பெயின்டர் ஒருவர் இருக்கிறார். மீனாட்சியம்மன் கோயிலின் 2009 கும்பாபிஷேகத்துக்குக் கோபுரச் சிலைகளுக்கு வண்ணம் தீட்டிய ஆட்களில் ஒருவர். நிறம் கலப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சுதை, சுண்ணாம்பு, சிமென்ட், மரம் ஒவ்வொன்றும் எவ்வளவு குடிக்கும் என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். தகடு மட்டும் எதையும் குடிக்காது என்பதை ஏற்றுக்கொள்ள அவருக்குக் கொஞ்ச காலம் ஆனது. "அண்ணே, இது சுவர் இல்லை, ஒன்றையும் உள்ளே இழுக்காது" என்றேன். "அப்படியென்றால் அதற்கு ஒரு பிடிமானம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதானே தம்பி" என்றார். அவ்வளவுதான். பிடிமானம் கொடுக்க வேண்டும்.

கொடுக்கும் முறை கடினமானது இல்லை. பொறுமைதான் வேண்டும். முதலில் சோப்புத்தூள் கரைசல் அல்லது கிரீஸ் நீக்கும் திரவத்தால் நன்றாகக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, காயவிட வேண்டும். எண்ணெய் போய்விட்டதா என்று பார்க்கத் தகட்டின் மேல் தண்ணீர் தெளித்தால் போதும். முத்து முத்தாக உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. ஒரே படலமாகப் பரவினால் சுத்தம். பிறகு நைஸ் உப்புத்தாளாலோ நைலான் தேய்ப்பானாலோ பளபளப்பு மங்கும் அளவுக்குத் தேய்க்க வேண்டும். மங்கினால் போதும். அவசரக்காரர்கள் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டிச் சுற்றுவார்கள். 8 மைக்ரான் துத்தநாகம் அதற்கு எம்மாத்திரம்? அது போய்விட்டால் அடியில் வெறும் இரும்பு, பிறகு துரு. ஈரமான இடத்தில் அடுக்கி வைத்திருந்த தகட்டில் வெள்ளைத் துரு மாவு மாதிரிப் படிந்திருக்கும். அதை விறைப்பான நைலான் பிரஷால் தேய்த்து எடுத்துவிட வேண்டும்.

அதன் பிறகு வாஷ் பிரைமர். இரண்டு டப்பாவாக வரும். ஒன்றில் ரெசின், மற்றொன்றில் பாஸ்பாரிக் அமிலம். இரண்டையும் கலந்து மெல்லியதாக அடித்தால் அமிலம் துத்தநாகத்தை லேசாகக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். மெல்லியதாக என்றால் சுமார் 10 மைக்ரான், அடியில் தகடு தெரிகிற அளவு. தாராள மனத்துடன் தடியாக அடித்தால் அந்தப் பிரைமரே உரிந்து வரும். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மறுநாளைக்கு எடுத்து வைக்கக் கூடாது. அமிலம் வேண்டாம் என்றால் ஜிஐ தகட்டுக்கென்றே வரும் தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் பிரைமர் இருக்கிறது. உள்ளே இருக்கும் டக்டுக்கு அது போதும், நாற்றமும் குறைவு. டப்பாவின் மேல் துத்தநாகம் ஏற்றிய தகட்டுக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் வாயால் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

இதையெல்லாம் பதினான்கடி உயரத்தில் சாரத்தில் நின்றுகொண்டு, கையை மேலே தூக்கி யாராவது ஒழுங்காகச் செய்வார்களா? மாட்டார்கள். டக்டின் மேல்பக்கத்தைக் கழுவவே முடியாது. அதனால்தான் சொல்கிறேன், டக்டைத் தெரியும்படி விடுவதா மறைப்பதா என்பதைத் தகடு வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். கப்பலூரில் உள்ள எங்கள் பட்டறையில் தரையில் கிடக்கும்போது கழுவி, தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே ஏற்றிய பிறகு கடைசிக் கோட் மட்டும் அடிப்பதுதான் முறை. முன்பே முடிவெடுத்தால் வேறொன்றும் செய்யலாம். செவ்வக டக்டுக்குப் பதிலாக வட்ட டக்ட் போடலாம்.

கணக்கைப் பாருங்கள். 600 மி.மீ. அகலமும் 300 மி.மீ. உயரமும் உள்ள டக்டின் சுற்றளவு 1.8 மீட்டர். ஏறக்குறைய அதே அளவு இடைவெளி கொடுக்கும் வட்ட டக்டின் விட்டம் 480 மி.மீ., அதன் சுற்றளவு 1.5 மீட்டர்தான். நூறடி நீளத்துக்குச் செவ்வகத்துக்கு 590 சதுர அடி அடிக்க வேண்டும், வட்டத்துக்கு 495. காற்றும் வட்டத்தில் உரசல் குறைந்து ஓடும். ஒட்டடையும் தட்டையான முதுகில் படிவதைப் போல வளைந்த முதுகில் படியாது. தரையின் சதுர அடியை வைத்து விலை சொல்லும் பெயின்டரிடம் டக்டின் சதுர அடியைக் கேட்டால், அவர் முதன்முறையாக மேலே பார்ப்பார்.

மார்க்கர் எழுத்தையும் மறக்க வேண்டாம். பட்டறையில் எந்தத் துண்டு எங்கே போக வேண்டும் என்று தகட்டிலேயே பெரிதாக எழுதி விடுவோம். அழியாத மை. அதன் மேல் வெள்ளையோ சாம்பலோ அடித்தால் சில நாளில் மை கசிந்து மேலே வந்து 'சப்ளை 7' என்று நடுக்கூடத்தில் சிரிக்கும். தின்னரில் துணியை நனைத்து முன்பே துடைக்க வேண்டும். மூட்டுகளில் இழுத்த சிலிக்கானும் தொல்லைதான். சிலிக்கானின் மேல் எந்தப் பெயின்டும் ஒட்டாது, விலகி ஓடிக் குழி குழியாக நிற்கும். கண்ணில் படும் டக்டுக்குப் பெயின்ட் ஏற்கும் அக்ரிலிக் சீலன்ட்தான் போட வேண்டும். இதையும் பெயின்டரிடம் சொல்லிப் பயனில்லை. டக்ட் செய்கிறவரிடம், அதாவது என்னைப் போன்றவரிடம், முன்பே சொல்ல வேண்டும்.

அடுத்தது வியர்வை. டக்டுக்குள் போகும் காற்று 13, 14 டிகிரியில் போகும். வெளிக்காற்றின் ஈரம் நீராக மாறும் வெப்பநிலையைவிடத் தகடு குளிர்ந்தால் மேலே நீர் கோக்கும். ஐப்பசி மழையில் வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால், 25 டிகிரியிலேயே நீர் கோக்கத் தொடங்கிவிடும். ஏ.சி. ஓடி அறை 24 டிகிரிக்கும் 55 சதவீத ஈரப்பதத்துக்கும் வந்துவிட்டால் அந்த அளவு 14 டிகிரி வாக்கில் இறங்கிவிடும். அதனால் அடைத்த அறைக்குள் டக்ட் தப்பிப் பிழைக்கும். ஆனால் நம் ஊர்க் கடை அடைத்துக் கிடக்குமா? தீபாவளிக் கூட்டத்தில் கதவு மூடுவதே இல்லை. காலையில் போட்ட முதல் அரை மணி நேரமும், மின்வெட்டு முடிந்து மறுபடி போடும் நேரமும் அப்படித்தான். மூட்டுகளில் சொட்டும்.

"நல்ல பெயின்டாக அடித்தால் சொட்டாது இல்லையா" என்று கேட்பார்கள். பெயின்ட் என்பது மிக மெல்லிய தோல், குளிரை அது தடுக்காது. தடுக்க இன்சுலேஷன் வேண்டும். டக்டின் உள்பக்கம் ஒட்டலாம், அல்லது வெளியே கருப்பு நைட்ரைல் ரப்பர் சுற்றலாம். வெளியே சுற்றினால் தகடே தெரியாது. பிறகு எதைப் பெயின்ட் அடிப்பது? கருப்பு ரப்பர் ஏற்கெனவே கருப்பு. அதையே நேர்த்தியாக ஒட்டி, மூட்டுகளில் டேப்பை நேராக இழுத்துவிட்டு, பெயின்ட் செலவே இல்லாமல் முடித்த கடைகள் உண்டு. எனக்கு அது பிடித்திருக்கிறது. முதலாளிகளுக்கு என்னவோ 'பெயின்ட் அடிக்கவில்லையா' என்ற குறை இருந்துகொண்டே இருக்கும்.

பெயின்ட் சீக்கிரம் காயட்டும் என்று ஏ.சி.யைப் போட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். குளிர்ந்த தகட்டில் நீர் கோத்து, காயாத பெயின்டின் அடியிலும் மேலும் புகுந்து, வெளுத்துப்போன திட்டுகளாக நிற்கும். நாற்றமும் காற்றோடு கலந்து கட்டடம் முழுக்கச் சுற்றும். வேலை முடியும்வரை ஏ.சி. அணைந்திருக்க வேண்டும், காற்றை உள்ளிழுக்கும் கிரில்களைப் பாலித்தீனால் மூடியிருக்க வேண்டும்.

சில பொருள்களில் பெயின்ட் படவே கூடாது. தீயணைப்புத் தெளிப்பான்கள் முதலாவது. சிவப்புத் திரவம் நிரப்பிய அந்தச் சின்னக் கண்ணாடிக் குமிழ் 68 டிகிரியில் வெடித்துத்தான் தண்ணீரைத் திறந்துவிடுகிறது. அதன் மேல் பெயின்ட் பட்டால் வெடிப்பது தாமதமாகலாம், வெடிக்காமலும் போகலாம். துடைத்தால் சரியாகாது. பெயின்ட் பட்ட தெளிப்பானைக் கழற்றிப் புதிது மாட்டுவதுதான் விதி. ஸ்ப்ரே அடிப்பதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் காகிதப் பை கட்டி, முடிந்ததும் எண்ணிப் பார்த்து எடுக்க வேண்டும். டக்டுக்குள் காற்றைத் திறந்து மூடும் டாம்பரின் கைப்பிடி, அதிலுள்ள திறப்பு மூடல் குறி, ஏ.சி. இயந்திரத்தையும் டக்டையும் இணைக்கும் கான்வாஸ் துணி இவற்றையும் மூட வேண்டும். கான்வாஸில் பெயின்ட் ஏறினால் விறைத்து வெடிக்கும், இயந்திரத்தின் அதிர்வு நேராக டக்டுக்குள் இறங்கும்.

அடிக்கிறவர்களின் மூச்சைப் பற்றி முதலாளிகள் கேட்பதே இல்லை. இரண்டு டப்பா பாலியூரித்தேன் பெயின்டின் கடினப்படுத்தும் பகுதியில் ஐசோசயனேட் இருக்கிறது. ஆஸ்துமாவைக் கொண்டுவரும் சரக்கு அது. மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு அதை ஸ்ப்ரே அடிப்பதை நான் அனுமதிப்பதில்லை. ஈயமும் கவனிக்க வேண்டியது. வீட்டு, அலங்காரப் பெயின்டுகளில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற 2016ஆம் ஆண்டு விதி 2017 நவம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆலைப் பயன்பாட்டுப் பெயின்டுகளுக்கு அந்த விதி பொருந்தாது. மலிவாகக் கிடைக்கிறது என்று ஆலைப் பெயின்டைக் கொண்டுவந்து குழந்தைகள் உடைக் கடையின் தலைக்கு மேலே அடிக்க வேண்டாம்.

நிறத்துக்கு வருகிறேன். எல்லோருக்கும் கருப்பு வேண்டும். கருப்பு குறைகளை மறைக்கும் என்கிறார்கள். கோணலை மறைக்கும், தூசியை மறைக்காது. மதுரைத் தூசி சாம்பல் நிறம், மேட் கருப்பின் மேல் அது விபூதி பூசியதாகவே தெரியும். விளக்கு வெளிச்சத்தையும் கருப்பு விழுங்கும், கூடுதல் விளக்கு போட வேண்டிவரும். பாரீஸில் 1977இல் திறந்த பாம்பிடூ மையத்தில் ரென்ஸோ பியானோவும் ரிச்சர்ட் ரோஜர்ஸும் குழாய்களையெல்லாம் கட்டடத்துக்கு வெளியே எடுத்துப்போட்டு, காற்றுக்கு நீலம், தண்ணீருக்குப் பச்சை, மின்சாரத்துக்கு மஞ்சள் என்று அடித்துவைத்தார்கள். நம் இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 2379கூட ஆலைக் குழாய்களில் காற்றுக்கு வான நீலத்தையும் தண்ணீருக்குக் கடல் பச்சையையும்தான் வைத்திருக்கிறது. ஆடித் தள்ளுபடிக்கு மஞ்சளும் சிவப்புமாகத் தோரணம் கட்டும் ஊரில், தலைக்கு மேலே மட்டும் ஏன் இந்தத் துக்கம் என்று எனக்குப் புரிவதில்லை. அந்த மூத்த பெயின்டருக்கும் இதே ஆதங்கம். ஒருமுறை அவர் மாதிரிக்குக் கலந்து காட்டிய கிளிப்பச்சையை முதலாளி சிரித்துக்கொண்டே ஒதுக்கிவிட்டார். அந்த டப்பா இன்னும் பட்டறையில் இருக்கிறது.

என் விருப்பம் அதைவிட எளிமையானது. சுத்தமாகச் செய்த வட்ட டக்டுக்குப் பெயின்டே வேண்டாம். துத்தநாகத்தின் மங்கிய வெள்ளி நிறம் காலப்போக்கில் இன்னும் மங்கி நன்றாகவே இருக்கும், உரிவதற்கும் ஒன்றும் இருக்காது.

விலைப்பட்டியலில் இப்போதெல்லாம் டக்டுக்கு இரண்டு வரி போடுகிறேன். ஒன்று சீலிங்குக்கு மேலே போவது, மற்றொன்று கண்ணில் படுவது. இரண்டாவதற்கு விலை அதிகம். தகட்டைத் தேர்ந்தெடுப்பது, மார்க்கரைத் துடைப்பது, மூட்டை நேராக வைப்பது, பிரைமரைத் தரையிலேயே அடிப்பது எல்லாம் அதில் அடக்கம். ஏன் அதிகம் என்று கேட்பவர்களைக் கப்பலூருக்கு அழைத்துப்போய் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். பார்த்துவிட்டுச் சிலர், "அப்படியென்றால் ஃபால்ஸ் சீலிங்கே போட்டுவிடலாம் சார்" என்கிறார்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஜிப்சம் கொத்தனார் பேர் ஒன்று கொடுத்து அனுப்பிவைக்கிறேன்.